பறக்கும் கம்பளமா, பறக்கும் தட்டா?

"இன்னைக்கு நீ தோக்குற மாப்ள," என்றார் வக்கீல் நமச்சிவாயம், மூன்றாவது கியருக்கு மாறியபடியே.

அம்பாசடர் சிக்கந்தர் சாவடியைத் தாண்டி அலங்காநல்லூர் பக்கம் போய்க்கொண்டிருந்தது. முன்னால் ஒரு கரும்பு லாரி. அதை முந்தவும் முடியாமல், அது உதிர்க்கும் தோகையிலிருந்து தப்பவும் முடியாமல் ஊர்ந்தோம். முன்சீட்டில் நான். என் மடியில் வக்கீலின் கறுப்புக் கோட்டு. மதியத்தோடு கோர்ட்டை முடித்துக்கொண்டு நேராக வந்திருந்தார். கோட்டிலிருந்து வியர்வையும் பன்னீர்ப் புகையிலையும் கலந்து ஒரு வாசம்.

நமச்சிவாயம்தான் எங்கள் பட்டிமன்றக் குழுவின் நடுவர். பகலெல்லாம் நீதிபதி முன்னால் குனிந்து நிற்பவர், கோர்ட்டு விட்டதும் தானே நீதிபதியாகிவிடுவார். இப்படி ஒரு வசதி எல்லாத் தொழிலிலும் கிடைப்பதில்லை.

"எப்பவும் நான்தானண்ணே தோக்குறேன். இன்னைக்கு மட்டும் எதுக்குத் தனியாச் சொல்றீங்க?"

"தோக்குற மொகமா இல்லையே. ஏறுனதுலேருந்து வாயத் தெறக்கல. பேச்சு தயார் பண்ணிட்டு வந்திருக்க போல."

அது குற்றச்சாட்டு. பட்டிமன்றத்தில் என்னைப் போன்ற ஜோக்கர் தயார் செய்துகொண்டு வரக் கூடாது.

பின்சீட்டிலிருந்து, எனக்கு எதிர்க்கட்சி பேசும் நிர்மலா டீச்சர் கேட்டார். "அப்ப நான் எதுக்காக ஜெயிக்கிறேங்கய்யா?"

"விஞ்ஞானம் நல்லதுன்னு சொன்னதுக்காக."

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே."

"சொல்லுவீங்கல்ல," என்றார் நடுவர். லாரி ஒதுங்கி வழிவிட்டது.

தோற்பதில் என் அனுபவம்

போன வாரம் இந்தத் தொடரில், லாட்ஜுக்குள் பாம்பு புகுந்த கதையைச் சொன்னேன். அதே லாட்ஜ்தான், ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே. பகலில் அங்கே வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பேன். சனி, ஞாயிறு, திருவிழா நாட்களில் பட்டிமன்றம். இரண்டு இடத்திலும் வேலை ஒன்றுதான். எதிரே நிற்பவர் சொல்லும் கதையை நம்புவதுபோல் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளியே தெரியாத ஒரு பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. தீர்ப்பு மேடையில் பிறப்பதில்லை, வண்டியில் பிறந்துவிடும். எந்த ஊர், யார் தலைவர், கமிட்டியில் மாமியார்கள் அதிகமா மருமகள்கள் அதிகமா என்றெல்லாம் பார்த்து நடுவர் போகும்போதே முடிவு செய்துவிடுவார். ஜெயிக்கிற கட்சி கடைசியில் பேசும். தோற்கிற கட்சி ஜோக்கருக்கு. சிரிக்க வைத்தவன் தோற்றால் ஜனங்களுக்கு மனசு வலிக்காது என்பது பட்டிமன்ற உலகின் மாபெரும் கண்டுபிடிப்பு.

ஆகவே நான் தனிக் குடித்தனத்துக்காகப் பேசித் தோற்றேன். வேறொரு ஊரில் கூட்டுக் குடும்பத்துக்காகப் பேசியும் தோற்றேன். காதல் திருமணத்துக்காகத் தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், காதலிக்காமல் கட்டிக்கொண்ட என் மனைவி சோறு போட்டுக்கொண்டே, "இன்னைக்கு யாருகிட்ட தோத்தீங்க?" என்பாள். ஆபீஸ் எப்படி இருந்தது என்று மற்ற வீடுகளில் கேட்பார்களே, அந்த மாதிரி.

எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. நான் பேசிய எதையும் நான் நம்பியதில்லை. நம்பாத ஒன்றுக்காகத் தோற்பது செருப்பில்லாமல் புல்லில் நடப்பதுபோல் சுகமானது.

அந்த வருஷம் வரைக்கும்.

போஸ்டர்

கம்ப்யூட்டர் சென்டர்கள் டீக்கடைகளுக்குப் போட்டியாக முளைத்த காலம் அது. அலங்காநல்லூரில் ராஜபாண்டி என்பவர் ஒன்று திறந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோயிலுக்கு அடுத்தபடி அந்த மரியாதை அந்த ஏசி அறைக்குத்தான் கிடைத்தது. அவருடைய சொந்த ஊர் பக்கத்திலேயே இருந்தது. ஊர்த் திருவிழாவுக்கு, தன் செலவில் ஒரு பட்டிமன்றம் வைக்கிறேன் என்று முன்வந்தார். தலைப்பையும் அவரே யோசித்து, போஸ்டரும் அடித்துவிட்டார்.

'பறக்கும் கம்பளமா, பறக்கும் தட்டா? அறிவை வளர்ப்பது மாயாஜாலக் கதைகளா, விஞ்ஞானக் கதைகளா?' கீழே ஒரு கம்ப்யூட்டர் படம். அதற்கும் கீழே 'அட்மிஷன் நடைபெறுகிறது.'

தீர்ப்பு எது என்பதைப் படிக்கத் தெரியாதவர்கூடக் கண்டுபிடித்துவிடுவார்.

ஊருக்கு அந்த வருஷம் விளைச்சல் சுமார். ஆகவே சிக்கனப் பட்டிமன்றம். கட்சிக்கு மூன்று பேர் என்பதை ஒருவராகக் குறைத்துவிட்டார்கள். மாயாஜாலத்துக்கு நான். விஞ்ஞானத்துக்கு நிர்மலா டீச்சர்.

பெண் பார்க்கப் போன இடத்தில்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் மாயாஜாலக் கதைப் பைத்தியம். மந்திரவாதி, ஏழு கடல், கிளிக்குள் உயிர், பேசும் மரம், எதுவும் விலக்கில்லை. பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்தது கிடைத்தாலும் வாங்கிவிடுவேன். முப்பது வயதை நெருங்கிய ஆண்பிள்ளை லாட்ஜ் மேஜைக்கு அடியில் மறைத்து வைத்துப் படிக்கும் புத்தகம் என்றால் ஜனங்கள் வேறு என்னென்னவோ நினைப்பார்கள். ஒருநாள் முதலாளி பிடுங்கிப் பார்த்தார். அட்டையில் ஒரு டிராகன். அவர் முகத்தில் அப்பட்டமான ஏமாற்றம்.

கே.கே. நகரில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா பெரிய அதிகாரி. கேசரி வருவதற்கு முன்பே, "ஓய்வு நேரத்துல என்ன வாசிப்பீங்க?" என்றார். பொது அறிவு என்று சொல்லியிருக்கலாம். யோகா என்றுகூடச் சொல்லியிருக்கலாம். நான் உள்ளதைச் சொன்னேன்.

அவர் என் அம்மாவைப் பார்த்து, "தம்பிக்கு இன்னும் கொஞ்சம் வயசு வரட்டும்," என்றார். கேசரி வரவே இல்லை.

சிரித்துக்கொண்டுதான் எழுந்து வந்தேன். ஆனால் அந்த வாக்கியம் கூடவே வந்துவிட்டது. விஞ்ஞானக் கதை படிப்பவனைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்வதில்லை. ராக்கெட் வந்தால் பெரியவர்கள் கதை, ராட்சசன் வந்தால் பிள்ளைகள் கதை. இரண்டையும் எழுதியவர்கள் இதுவரை நடக்காததைத்தான் எழுதினார்கள். ஒருவருக்கு நாற்காலி, இன்னொருவருக்குத் தொட்டில். இந்த இட ஒதுக்கீட்டை யார் செய்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தால் சும்மா விடமாட்டேன்.

எதிர்க்கட்சி

நிர்மலா டீச்சர் கே.கே. நகரில் ஒரு தனியார் பள்ளியில் பௌதிகம் நடத்துபவர். சௌராஷ்டிரக் குடும்பம். எங்களோடு தமிழில் சண்டை போடுவார். உண்மையிலேயே கோபம் வந்தால் வீட்டுப் பாஷைக்கு மாறிவிடுவார். அது எங்களுக்குப் புரியாது என்பதால் குழு இத்தனை வருஷம் உடையாமல் இருந்தது.

அவர் விஞ்ஞானக் கதைப் பைத்தியம். ஆங்கிலத்தில் படிப்பார். மேடைக்குப் போகும்போதும் வரும்போதும் எங்களுக்குள் ஓயாத தகராறு.

"உங்க கதைல ஆளுக்கு ஒரு கஷ்டம் வந்தா, உடனே ஒரு முனிவர் வந்துருவாரு சார்."

"உங்க கதைல பட்டன் வந்துரும் டீச்சர். முனிவராச்சும் ரெண்டு நல்ல வார்த்தை சொல்லுவாரு."

"பட்டன் எப்படி வேலை செய்யுதுன்னு நாங்க சொல்லணும். உங்களுக்கு அந்தத் தலைவலி உண்டா?"

"எங்களுக்கு வேற தலைவலி. எப்படி நடக்குதுன்னு சொல்ல வேணாம். ஆனா அதுக்கு என்னத்தைக் குடுத்தான்னு சொல்லணும். கண்ணக் குடுத்தானா, கொரலக் குடுத்தானா. ஒண்ணும் குடுக்காம வரம் வாங்குனா, அது கதையே இல்ல."

யோசித்துப் பார்த்தால், இந்த இரண்டு வகைக் கதைகளின் வித்தியாசத்தை அந்த அம்பாசடருக்குள் நாங்கள் கிட்டத்தட்டக் கண்டுபிடித்திருந்தோம். அவருடைய கதை 'இது எப்படி?' என்பதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். என்னுடையது 'இதற்கு என்ன விலை?' என்பதற்கு. அவர் நாளைக்கு நடக்கலாம் என்று பயமுறுத்துவார். நான் என்றைக்கும் நடக்காது என்று சத்தியம் செய்துவிட்டுப் பயமுறுத்துவேன். நடுவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டி, "ரெண்டுமே டூப்புதானப்பா," என்பார்.

அதனால்தான் அன்று நான் வாயைத் திறக்கவில்லை. முதன்முறையாக, நான் நம்புகிற கட்சி எனக்குக் கிடைத்திருந்தது. அதிலும் தோற்கச் சொல்கிறார்கள்.

ஊர் எல்லை வந்ததும் நடுவர் வேகத்தைக் குறைத்தார்.

"இங்க பாரு கதிரேசா. சிரிக்க வை. தோத்துட்டு உக்காரு. ராஜபாண்டி அவருக்குத் தெரிஞ்ச ஊருக்கெல்லாம் நம்மளச் சொல்லிவிடுறேன்னு சொல்லியிருக்காரு. சீரியஸா எதாச்சும் பேசி வெவகாரம் பண்ணுனேன்னா, இந்தக் குழுவுல உனக்கு எடம் கெடையாது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வக்கீல்கள் சிரித்துக்கொண்டே சொல்வதைத்தான் நாம் நம்ப வேண்டும்.

வெயிலுக்கு எதிரே மேடை

இரவை இன்னிசைக் கச்சேரிக்கு ஒதுக்கிவிட்டதால் எங்களுக்குச் சாயங்கால நான்கு மணி. சூரியன் நேராக மேடைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பேச முடியும். அப்படிப் பேசினால் எல்லாருமே பொய் சொல்வதுபோல் தெரிவார்கள்.

ஆனால் கூட்டம் இருந்தது. கமிட்டிக்காரர்கள், துண்டை விரித்து உட்கார்ந்த பெண்கள், மைதானத்து ஓரத்தில் புளியமரத்தடியில் நான்கைந்து ஜல்லிக்கட்டு மாடுகள், அவற்றைப் பிடித்தபடி அவற்றின் சொந்தக்காரர்கள். மாட்டைத் தனியே விட்டுவிட்டு வர மனமில்லாமல் கையோடு கூட்டிவந்திருந்தார்கள். முன்வரிசையில் புதுச் சட்டையோடு ராஜபாண்டி.

முதல் பத்து நிமிஷம் ஒப்பந்தப்படி சிரிக்க வைத்தேன். பறக்கும் கம்பளத்தில் டிராபிக் போலீஸ் மடக்கியது, பூதத்திடம் ரேஷன் கார்டு கேட்டது, கேசரி வராத கே.கே. நகர் வீடு. நடுவர் தொடையில் தட்டிச் சிரித்தார். ராஜபாண்டியும் சிரித்தார். தோற்கப்போகிறவனைப் பார்த்துச் சிரிக்கும் தாராளமான சிரிப்பு அது.

அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

"எங்கப்பா செத்தப்ப எனக்குப் பத்து வயசு," என்றேன்.

இதுவும் ஜோக்கின் ஆரம்பம் என்று நினைத்து இரண்டு பேர் சிரித்தார்கள்.

"ஆறுதல் சொல்ல வந்த பெரியவங்க அம்புட்டுப் பேரும் பொய் சொன்னாங்க. வெளியூர் போயிருக்காரு, சாமிகிட்ட இருக்காரு, நட்சத்திரமா ஆயிட்டாரு. அந்தச் சமயத்துல ஒரு மந்திரவாதிக் கதை படிச்சேன். மலைய நகத்துற மந்திரவாதி. செத்துப்போன பொண்டாட்டிய எழுப்புறான். எந்திரிச்சு வாரா. ஆனா பெத்த பிள்ளையவே அவளுக்கு அடையாளம் தெரியல. பிள்ளை கூப்பிடுது, திரும்பிக்கூடப் பாக்கல. அந்த மந்திரவாதி அழுதுக்கிட்டே அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுட்டு வாரான்."

சிரிப்பு நின்றிருந்தது.

"அன்னைக்குத்தான் எங்கப்பா வரமாட்டாருன்னு எனக்குத் தெரிஞ்சுது. பொய்னு அட்டையிலயே போட்டுக்கிட்டு வந்த புத்தகம்தான் எனக்கு உண்மையச் சொல்லுச்சு. இதை வாசிக்கிறவனுக்கு வயசு வரலைன்னு சொல்றாங்க. எனக்கு வயசு வந்ததே அதை வாசிச்சுத்தான்."

நடுவர் மணியின் மேல் கை வைத்தார். நான் அதைப் பார்க்காததுபோல் புளியமரத்தடிப் பக்கம் திரும்பினேன்.

"மாயாஜாலம்னா லேசுன்னு நெனைக்காதீங்க. அந்தா நிக்குதே மாடுக, அதுக்குப் பேச்சு வந்துருச்சுன்னு வைங்க. வருஷத்துல ஒரே ஒரு நாள், வாடிவாசல்ல அவுத்துவிடுற அன்னைக்கு. ஆனா சொந்தமா எதுவும் பேசாது. வருஷம் பூராவும் குளிப்பாட்டும்போதும் தண்ணி காட்டும்போதும் நீங்க அதுகிட்டத் தனியாப் புலம்புறீங்கள்ல, அதை மட்டும் அப்படியே சொல்லும். ஊர் முன்னாடி. சத்தமா."

 அப்புறம் பெண்கள் பக்கமிருந்து கிளம்பிய சிரிப்பு இருக்கே, இருபது வருஷத்தில் அப்படி ஒன்றை நான் வாங்கியதில்லை. புளியமரத்தடியில் ஒருவர் தன் மாட்டின் முகத்தை வேறு பக்கம் திருப்பினார். "அவுக்காதய்யா, ஊரே நாறிப்போகும்," என்று ஒரு குரல். "ஒம் மாட்டுக்கு மொதல்ல வாய்ப்பூட்டு போடு," என்று இன்னொரு குரல்.

"அந்த வருஷம் ஒருத்தனும் மாட்ட அவுக்கல. வாடிவாசல் காலியாக் கெடக்கு. அப்ப ஒரே ஒரு ஆளு மட்டும் தன் மாட்டக் கூட்டிக்கிட்டு வாரான். ஊரே பாக்குது. அவன் கயித்து மேல கை வைக்கிறான்."

டிங்.

நடுவர் மணி அடித்துவிட்டார். எனக்கு இன்னும் நேரம் இருந்தது. அவருக்கும் தெரியும். மணி அடித்தால் உட்கார்ந்துவிட வேண்டும், அதுதான் மேடை மரியாதை. உட்கார்ந்தேன்.

இன்னொரு மாடு

நிர்மலா டீச்சர் எழுந்து வந்தார். வழக்கமாக முதல் வேலை என் கட்சியைக் கிழிப்பது. ராஜபாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கதிரேசன் சார் மாட்ட நடுவுல விட்டுட்டு உக்காந்துட்டாரு. எங்கிட்டயும் ஒரு மாடு இருக்கு. அதுக்குப் பேச வராது," என்று ஆரம்பித்தார்.

"கொம்புக்கு நடுவுல சின்னதா ஒரு கேமரா. மாட்டுக்கே தெரியாது, அம்புட்டு லேசு. மாடு பாக்குறதெல்லாம் வீட்டு டிவில தெரியும். எப்படித் தெரியும்னு நீங்க கேக்கணும். கேக்காட்டியும் நான் சொல்லுவேன், அதுதான் என் கட்சி." அலை, ஆன்டெனா, பேட்டரி என்று கொஞ்ச நேரம் பாடம் எடுத்தார். கேபிள் டிவி ஆள் ஒருவர் மட்டும் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"மாட்டுக்காரர் அந்த வருஷம் வாடிவாசலுக்குப் போகல. தம்பியக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டு, வீட்டுல டிவி முன்னாடி உக்காந்துட்டாரு. தன் மாடு எப்படிச் சீறுது, யாரக் குத்தப் பாக்குதுன்னு பாக்கணும்னு ஆசை. அவுத்து விட்டாச்சு. டிவில மொகமா வருது. இந்தப் பக்கம் பத்து மொகம், அந்தப் பக்கம் பத்து மொகம். மாடு எந்த மொகத்துலயும் நிக்கல. சீறுறதுக்காகத் திரும்பல. தேடிக்கிட்டுத் திரும்புது. யாரைத் தேடுதுன்னு கொஞ்ச நேரம் அவருக்கே புரியல."

அவர் நிறுத்தினார். 

"அது தேடுற மொகம் டிவிக்கு இந்தப் பக்கம் உக்காந்திருக்கு. இந்த மிஷின் நல்லதா கெட்டதான்னு நான் சொல்ல வரலைங்க. இப்படி ஒண்ணப் பாத்துட்ட மனுஷன் அடுத்த வருஷம் என்ன செய்வாரு, அதைக் கேக்குறதுதான் விஞ்ஞானக் கதை. கம்ப்யூட்டர் விக்கிறது அதோட வேலை இல்ல."

ராஜபாண்டியின் புதுச் சட்டை அப்படியே இருந்தது. உள்ளே இருந்த மனிதர் சுருங்கிவிட்டார்.

நடுவர் அவசரமாக எழுந்தார். இது கம்ப்யூட்டர் யுகம் என்றார். ராக்கெட் என்றார். "ஆகவே அறிவை வளர்ப்பது," என்று மூச்சை இழுத்தார்.

"ஐயா, தீர்ப்பு கெடக்கட்டும்," என்று புளியமரத்தடியிலிருந்து ஒரு குரல். "அந்தக் கயித்துல கைய வச்சவன் மாடு என்ன சொல்லுச்சு?"

"நேரம் முடிஞ்சுபோச்சுப்பா."

"பாட்டுக்காரங்க இன்னும் செட்டே போடலண்ணே. சொல்லச் சொல்லுங்க."

நடுவர் கூட்டத்தைப் பார்த்து மணி அடித்தார். பட்டிமன்ற வரலாற்றில் ஜனங்களுக்கு மணி அடித்த ஒரே நடுவர் அவராகத்தான் இருப்பார். ஒரு பயனும் இல்லை. அவர் மறுபடி, "ஆகவே விஞ்ஞானக் கதைகளே," என்றபோது டீச்சர் மைக்குக்குப் போனார்.

"மன்னிக்கணும் ஐயா. அவரு முழுசாப் பேசட்டும். அப்புறம் தோக்கடிங்க. பாதில நிறுத்தி வச்ச ஆளை ஜெயிச்சேன்னு நான் பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்ல முடியாது."

நடுவர் என்னைத்தான் பார்த்தார். எழுந்தால் என்ன ஆகும் என்பது அந்தப் பார்வையில் பிசிறில்லாமல் இருந்தது. மனைவி, சனி ஞாயிறு, லாட்ஜ் மேஜை எல்லாம் மனதில் வந்து போயின. நம்பாத கட்சிகளுக்காகத் தோற்ற அத்தனை ஊர்களும் வந்தன. எழுந்தேன்.

"அந்த ஆளுக்கு ஒரு அண்ணன். அடுத்த தெரு. வாய்க்கால் தகராறுல ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை அத்துப்போச்சு. தெனம் மாட்டக் குளிப்பாட்டும்போது, அண்ணன்கிட்டச் சொல்ல முடியாததை மாட்டுகிட்டச் சொல்லுவான். மத்தவனெல்லாம் மாடு சொல்லிருமேன்னு பயந்தான். இவன் சொல்லட்டும்னுதான் அவுத்துவிட்டான். மாடு ஒருத்தரையும் முட்டல. கூட்டத்துக்குள்ள நடந்தே போச்சு. நேரா அண்ணன் வீட்டு வாசல்."

"என்ன சொல்லுச்சு?" என்று நான்கைந்து பேர் சேர்ந்து கேட்டார்கள்.

"அண்ணன் காதுல சொல்லுச்சு. மைக்குல சொல்ல மாட்டேன்."

சிலர் கைதட்டினார்கள். சிலர், "இவன் கெடக்கான், ஏமாத்திட்டான்யா," என்றார்கள். பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். என்மேல் கோபமா, வேறு எதுவுமா என்று எனக்குத் தெரியாது.

நடுவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ராஜபாண்டியைப் பார்த்தார், கொஞ்ச நேரம் கூட்டத்தைப் பார்த்தார். கடைசியில் அவருக்குள் இருந்த வக்கீல்தான் அவரைக் காப்பாற்றினார்.

"வழக்கின் முக்கியத்துவம் கருதித் தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது."

ஒரு வார்த்தை

பொன்னாடை போர்த்தும்போது ராஜபாண்டி என் தோளைத் தேடவில்லை. மடியில் போட்டுவிட்டுப் போனார்.

கார் ஊர் எல்லைகூடத் தாண்டவில்லை. நடுவர் ஓரங்கட்டினார். கோபமாகப் பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"கதிரேசா, திரும்பப் போவோம். ராஜபாண்டிகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லிரு. எல்லாம் தமாஷுக்குத்தான் பேசுனேன்னு. உனக்கு அது கஷ்டமா? உன் தொழிலே அதுதானப்பா."

எத்தனையோ மேடையில் எத்தனையோ அபத்தங்களைத் தமாஷ் என்று சொல்லித் தப்பித்தவன் நான். மாமியார் கட்சியைத் திட்டிவிட்டு, இறங்கியதும் மாமியார்கள் காலில் விழுந்திருக்கிறேன். அந்த ஒரு வார்த்தை என் சட்டைப் பையிலேயே இருக்கும். அன்று எடுக்க வரவில்லை.

"வேற என்ன வேணாலும் சொல்றேண்ணே. அதைச் சொல்ல மாட்டேன்."

"உங்கப்பா செத்ததச் சொன்னியே? அது நெசமாவா?"

"நெசந்தான்."

அவர் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். "சரி விடு. ராஜபாண்டியை நான் பாத்துக்கிறேன். அடுத்த ஊர்லேருந்து இதே தலைப்ப வச்சுக்கிட்டு, ரெண்டும் ரெண்டு கண்ணுன்னு தீர்ப்பு சொல்லிருவோம். ரெண்டும் ஒண்ணுதான்னு. யாருக்கும் சங்கடமில்ல. உன் எடமும் இருக்கும். என்ன டீச்சரம்மா?"

நல்ல மனுஷன். அதைவிடப் பெரிய சலுகையை அவரால் தர முடியாது. எனக்கு அந்த நேரத்தில் தலையாட்டத்தான் தோன்றியது.

"ரெண்டும் ஒண்ணு இல்லைங்கய்யா," என்றார் பின்சீட்டிலிருந்து டீச்சர்.

"இல்லண்ணே," என்றேன் நானும். "டீச்சர்கிட்ட நெசமாவே தோத்தாலும் தோத்துட்டுப் போறேன். ஒண்ணுன்னு மட்டும் சொல்லாதீங்க."

"அப்ப எறங்கிக்கங்கப்பா," என்றார் நடுவர், தளர்ந்த குரலில். "இருங்க. பஸ்ஸு வருதான்னு பாத்துட்டு எறங்குங்க."

அவரே கண்ணாடியில் பின்னால் பார்த்து, பஸ் வருவதைச் சொன்னார். அதற்குப் பிறகு ரொம்ப காலம் எந்த மேடையிலிருந்தும் என்னைக் கூப்பிடவில்லை. தெருவில் பார்த்தால் நின்று நலம் விசாரிப்பார். குழுவைப் பற்றி அவரும் பேச மாட்டார், நானும் கேட்க மாட்டேன். டீச்சரை மட்டும் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார். தலைப்பைக் கேட்டுவிட்டு, தீர்ப்பையும் இப்போதே சொல்லிவிடுங்கள் என்று டீச்சர் கேட்டதோடு சரி.

மதுரை பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. சந்தைக் கூடைகள், கோழி, பூ, எல்லாவற்றுக்கும் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டோம். பஸ் கிளம்பிய உடனே டீச்சர் ஆரம்பித்தார்.

"உங்க மாடு காதுல சொல்றதெல்லாம் கொஞ்சம் ஓவர் சார். மாட்டு வாய்க்கும் மனுஷன் காதுக்கும் உள்ள தூரத்த நெனச்சுப் பாத்தீங்களா?"

"உங்க மாட்டுக்கு நடு நெத்தில பேட்டரியக் கட்டுனீங்களே. அந்தச் சூட்டுல அது எதைத் தேடும்? தண்ணித் தொட்டியத்தான் தேடும்."

"அதுக்கு வழி இருக்கு. கேளுங்க."

"வழி இருக்கும் டீச்சர். விலை இருக்கா?"

கூட்டத்தை நெம்பிக்கொண்டு கண்டக்டர் எங்களிடம் வந்து சேர்ந்தார். தகராறு முடியட்டும் என்று கொஞ்சம் காத்துப் பார்த்தார். முடிவதாக இல்லை.

"அண்ணே, ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே டிக்கெட்டாக் கிழிக்கவா?"

"தனித்தனி," என்றோம் இருவரும்.